நாலாம் மாடிச் சாவி

பூட்டுக்காரரைப் பற்றி அந்தக் கட்டடத்தில் யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும், பிறகுதான் பேச்சு வரும். மனுஷன் யாரையும் நம்ப மாட்டார். ரேடியோவில் இன்று மழை என்று சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். கடைக்காரன் தராசில் போட்டால் முள்ளைப் பார்க்க மாட்டார், கடைக்காரனின் சுண்டுவிரலைப் பார்ப்பார். பெண்டாட்டி குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் நாக்கில் வைத்த பிறகுதான் தலையாட்டுவார். பள்ளிக்கூடம் அவரைச் சீக்கிரமே விட்டுவிட்டது. இல்லை, அவர்தான் பள்ளிக்கூடத்தை விட்டார் என்றும் சொல்வார்கள். இரண்டையும் அவர் வாயாலேயே கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

தொழிலிலும் அதே சந்தேகம்தான். "சாவியை உள்ளே வெச்சுட்டுக் கதவைச் சாத்திட்டேன், திறந்துவிடுங்க" என்று யார் வந்து நின்றாலும் முதல் கேள்வி ஒன்றே ஒன்று.

"அது உன் வீடுதான்னு யார் சொல்லுவா?"

மழையில் சொட்டச் சொட்ட நிற்பவனிடமும் கேட்பார், குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவளிடமும் கேட்பார். அக்கம்பக்கத்தில் ஒருத்தராவது தலையை நீட்டி, "ஆமாங்க, இவங்க வீடுதான்" என்று சொன்னால்தான் அவர் கை பைக்குள் போகும். அதுவரை நின்ற இடத்தில் நிற்பார், எருமை மாதிரி.

அவர் கடை கட்டடத்தின் பின்பக்கம், மாடிப்படிக்கு அடியில். மேலே யார் ஏறினாலும் இறங்கினாலும் தலைக்கு மேல் தொம்தொம் என்று கேட்கும். வாசல் பின் சந்துப் பக்கம் பார்த்தது. எதிரே குப்பைத் தொட்டிகள், சைக்கிள் நிறுத்துகிற கம்பி, ஒரு குழாய். பழைய ஆட்களுக்கு அந்த இடம் தெரியும். புதிதாகக் குடிவந்தவர்கள் முன்பக்கமாக வருவார்கள், லிஃப்ட்டில் ஏறுவார்கள், பின் சந்து என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

அப்படித் தெரியாதவர்களில் ஒருத்தி நாலாம் மாடி நர்ஸ். இடுப்பெலும்பு உடைந்து தேறிக்கொண்டிருக்கும் தாயோடு குடிவந்திருந்தாள். தாய்க்கு நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நடக்கவே அரைப் பகல் ஆகும்.

ஒருநாள் மத்தியானம் தலைக்கு மேல் எங்கேயோ டிரில் அலறும் சத்தம் கேட்டது. இரும்பைத் துளைக்கிற சத்தத்துக்கும் பூட்டைத் துளைக்கிற சத்தத்துக்கும் வித்தியாசம் பூட்டுக்காரருக்குத் தெரியாதா? பல் கூசியது அவருக்கு. மூச்சு வாங்கப் படியேறி நாலாம் மாடிக்குப் போனால், பனியன் போட்ட ஒருத்தன் நர்ஸ் வீட்டுக் கதவில் பள்ளம் தோண்டிக்கொண்டிருக்கிறான். பூட்டு குதறப்பட்டுக் கிடக்கிறது. சாவி உள்ளேயே முறிந்து மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கமிருந்தும் திறக்க வராத பூட்டு; ஒரு வளைந்த கம்பியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் திறந்துவிடலாம். நர்ஸ் சுவரோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளேயிருந்து தாயின் குரல், "என்னம்மா, என்னம்மா" என்று.

அவன் மலிவான புதுப் பூட்டு ஒன்றை மாட்டிவிட்டுப் போகும்வரை பூட்டுக்காரர் படியோரம் காத்திருந்தார். போன பிறகு கேட்டார்.

"ஏம்மா, நான் கீழதானே இருக்கேன்?"

"நீங்க யாருங்க?"

"பூட்டுக்காரன். உன் காலுக்கு அடியிலதான் கடை."

நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் குரலில் திமிர் இல்லை, களைப்புதான் இருந்தது. "ஐயா, போன்ல தேடினேன். அதுல நீங்க இல்லையே."

அந்த ஒரு வார்த்தை பூட்டுக்காரருக்கு உள்ளே போய்க் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. தலைமுறையாய் ஒரு படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற ஆளை இல்லை என்று சொல்லிவிட்டாளே! அதுவும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. இல்லாததை இல்லை என்றாள், அவ்வளவுதான். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு பார்க்க மறந்துபோனார். பெண்டாட்டி அதைக் கவனித்துவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

---

பெண்டாட்டிக்கு ஒரு தம்பி. பஸ் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் ஓயாது என்பதால் அவருக்கு ரேடியோ என்று பேர். மழை வரும் என்று சொல்லி ஏமாற்றும் ரேடியோவைவிட இந்த ரேடியோவைப் பூட்டுக்காரர் குறைவாகத்தான் நம்புவார். ஆனால் மச்சான் உறவு, தள்ளவும் முடியாது கொள்ளவும் முடியாது.

விஷயத்தைக் கேட்டதும் ரேடியோ துள்ளினார். "அத்தான், உங்களுக்கு ஒரு வெப்சைட் போட்டுட்டா எல்லாம் சரியாப் போச்சு! நூலகத்துல சும்மாவே சொல்லித் தர்றாங்க. நான் போய்க் கத்துக்கிட்டேன். எழுத்து தட்டத் தெரிஞ்சா போதும், பெட்டி பெட்டியா எடுத்து வெக்கறதுதான்."

"நீ எதைத்தான் கத்துக்கல? கிடார் கத்துக்கிட்டே, நீச்சல் கத்துக்கிட்டே. ரெண்டுலயும் பக்கத்து வீட்டுக்காரங்கதான் முழுகிப் போனாங்க."

"அத்தான், கிண்டல் அப்புறம். பக்கம் வேணுமா, வேணாமா?"

பூட்டுக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். "வேணும்," என்றார். "ஆனா நீ செய்யக் கூடாது. நான்தான் செய்வேன். நீ செஞ்சா அதுல என்ன எழுதி வெச்சிருக்கேன்னு எனக்குத் தெரியாது."

ரேடியோ தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து பட்டறை மேஜையில், இடுக்கிப்பிடிக்குப் பக்கத்தில் வைத்தார். அதிலிருந்த மென்பொருள் ஒரு வெள்ளைத் தாளைக் காட்டியது. ஓரத்தில் பெட்டிகள்: தலைப்புக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று. வேண்டியதைப் பிடித்து இழுத்துத் தாளில் விட வேண்டும். பூட்டுக்காரர் மவுஸைச் சுத்தியல் பிடிக்கிற மாதிரி பிடித்தார். தலைப்புப் பெட்டி தாளின் கீழே போய் விழுந்தது. எழுத்துப் பெட்டி எழுத்துப் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்தது.

"மெதுவா அத்தான், அது எலி இல்ல, நசுக்காதீங்க."

"அப்ப எதுக்குடா வாலு வெச்சிருக்கான்?"

பாஸ்வேர்ட் போடச் சொன்னபோது ரேடியோவைத் திரும்பி நிற்கச் சொன்னார். சுவரைப் பார்த்து நின்ற ரேடியோவுக்குக் கால் வலித்துவிட்டது. அவ்வளவு நீளப் பாஸ்வேர்ட். ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி ஒற்றை விரலால் குத்தினார். பெண்டாட்டிக்கும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பின்னால் திரும்புகிற ஓர் அம்புக்குறி. எதைக் கெடுத்தாலும் அதை ஒரு தட்டு தட்டினால் பழையபடி ஆகிவிடுகிறது. எழுத்து காணாமல் போச்சா? அம்பைத் தட்டு. பெட்டி கோணிப்போச்சா? அம்பைத் தட்டு. பித்தளையை அரத்தால் ஒரு இழுப்பு அதிகமாய் இழுத்துவிட்டால் சாவி போச்சு, தூக்கிப் போட வேண்டியதுதான். இங்கே அப்படி இல்லை.

"இது நல்லா இருக்கேடா," என்றார். மச்சானிடம் அவர் எதையும் நல்லா இருக்கு என்று சொல்லி ரேடியோ கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு விரல் சும்மா இருக்கும்போதெல்லாம் அந்த அம்புக்கே போய் நின்றது.

"இன்னொண்ணு புரிஞ்சுக்குங்க," என்றார் ரேடியோ. "நீங்க இங்க செய்யறதெல்லாம் கடைக்குள்ள நடக்கற வேலை. ஊருக்குத் தெரியாது. இதோ, வெளியிடுன்னு ஒரு பொத்தான் இருக்கே, அதை அழுத்தினாத்தான் ஷட்டரைத் தூக்கின மாதிரி. அப்புறம் எவன் வேணா பாக்கலாம்."

"எவன் வேணாவா?"

"எவன் வேணா."

அதிலிருந்துதான் தகராறு ஆரம்பமானது. பூட்டுக்காரர் முதல் வரியாகத் தட்டியது: யாரையும் நம்பாதீர்கள்.

"அத்தான், ஆளுங்களை வரச் சொல்றீங்களா, விரட்டறீங்களா?"

அது போய், பூட்டு, சாவி என்று ஆனது. போன் நம்பர் போட மாட்டேன் என்றார், எவன் எவனோ கூப்பிடுவான். அதுக்குத்தானே போடுறது என்று ரேடியோ தலையில் அடித்துக்கொண்டார். நம்பர் ஏறியது. கட்டடத்தின் பேரும் பின் சந்தும் ஏறின. ஆனால் மூஞ்சி மட்டும் கிடையவே கிடையாது.

"ஒரு போட்டோ இல்லேன்னா யார் அத்தான் நம்புவா? லேசா சிரிச்சு ஒண்ணு..."

"என் மூஞ்சியை வெச்சுக்கிட்டு எவன் என்ன பண்ணுவானோ. வேற ஏதாவது போடு."

அந்த நேரத்தில்தான் நாலாம் மாடி நர்ஸ் கடைவாசலில் வந்து நின்றாள். பின் சந்துக்கு அவள் வந்தது அதுவே முதல் தடவை. அந்த டிரில்காரன் போட்டுவிட்டுப் போன பூட்டுக்கு ஒரே சாவிதான் இருந்ததாம். வேலைக்குப் போயிருக்கும்போது அம்மாவை எட்டிப் பார்க்க வருகிற பெண்ணுக்கு இன்னொன்று வேண்டும் என்றாள்.

பூட்டுக்காரர் மூலச் சாவியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பல் வெட்டாத மொட்டைச் சாவி ஒன்றை இடுக்கியில் பிடித்து இயந்திரத்தில் வெட்டினார். அதோடு விடவில்லை, அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாகச் சீவிவிட்டார். அவர் அவ்வளவு அழகாக ஒரு சாவி வெட்டி நாளாகியிருந்தது. 'நீங்க இல்லையே' என்று சொன்னவள் கையில் கொடுக்கப்போகிற சாவி அல்லவா? மஞ்சள் மஞ்சளாய் உள்ளங்கையில் மின்னியது.

"மச்சான், இதை எடு போட்டோ," என்றார். "மூஞ்சி பேச வேணாம், வேலை பேசட்டும்."

ரேடியோ எடுத்தார். நர்ஸ்கூடப் பார்த்துச் சிரித்தாள். "அழகா இருக்குங்க ஐயா," என்று சாவியை வாங்கிக்கொண்டு போனாள்.

படப் பெட்டியை இழுத்துவிட்டதும் பூட்டுக்காரர்தான். அடியில் ஒரு வரி வேண்டும் என்றதும் அவரே சொல்லிச் சொல்லித் தட்டினார்: எங்கள் கட்டடத்து நாலாம் மாடி நர்ஸ் வீட்டுக்கு வெட்டிய சாவி. தட்டி முடித்து இரண்டு தடவை படித்துப் பார்த்தார். பிறகு வெளியிடு பொத்தானை அழுத்தி ஷட்டரைத் தூக்கினார். அன்றைக்கு வீட்டில் ஊரையே பிடித்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்.

---

சில நாள் கழித்து, ஒரு காலைவேளை. பெண்டாட்டி கடைக்கு டீ கொண்டுவந்தவள், தன் போனில் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. இரண்டு விரலை வைத்து விரித்தாள்.

"இங்க பாருங்களேன், உங்க கையில இருக்கற வெட்டுக்காயத் தழும்புகூடத் தெரியுது. சாவியோட பல்லை எண்ணிடலாம் போல."

"அப்படித்தான் வெட்டியிருக்கேன்," என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "குடு இங்க."

லேப்டாப்பில் அந்தப் படம் ஒரு தீப்பெட்டி அளவுதான் இருந்தது. இப்படி விரிக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. போனை வாங்கி அவரும் விரித்தார். விரிந்தது. இன்னும் விரித்தார், இன்னும் விரிந்தது. முதல் பல் ஆழம், இரண்டாவது மேடு, மூன்றாவது நடுத்தரம்... சாவி அவரிடம் தானாகப் படித்துக் காட்டுவது போல இருந்தது.

டீ ஆறியது. போனைப் பட்டறையில் சாய்த்து வைத்தார். அதே ஜாதி மொட்டைச் சாவி ஒன்றை எடுத்தார். சாவியின் அகலம் தெரியும், அதை வைத்து ஆழத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். இயந்திரத்தைப் போடவில்லை. அரம் மட்டும். படத்தைப் பார்ப்பார், இழுப்பார், படத்தைப் பார்ப்பார்.

"என்னங்க செய்யறீங்க?"

"ஒண்ணுமில்ல. போனை எடுத்துக்கிட்டு நீயும் என்கூட மேல வா."

நாலாம் மாடியில் மணியடித்துவிட்டு இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ஊன்றுகோல் தட்டுகிற சத்தம் அறையைக் கடந்து, நடையைக் கடந்து, மெல்ல மெல்ல வந்தது. நர்ஸின் தாய் கதவைத் திறந்தாள். நர்ஸ் வேலைக்குப் போயிருந்தாள்.

"அம்மா, கதவு திறந்தே இருக்கட்டும். பூட்டை ஒரு தடவை பாத்துக்கறேன்."

திறந்த கதவின் பூட்டில் சாவியை நுழைத்துத் திருப்பினார். ஒரு திக்கல் இல்லை, ஒரு தடங்கல் இல்லை, நெய்யில் விரல் போவது மாதிரி திரும்பியது.

"நல்லாத் திரும்புதே," என்றாள் நர்ஸின் தாய் சந்தோஷமாக. "இதுவும் எங்களுக்கா?"

பூட்டுக்காரர் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டார். தன் வாழ்க்கையில் செய்த சாவிகளிலேயே இதைப் பார்த்துத்தான் அவர் முதல் தடவை பயந்தார்.

"அம்மா, நீங்க உள்ள தாழ்ப்பாள் போட்டுக்குங்க. உங்க பொண்ணு வர்ற வரைக்கும்."

"தாழ்ப்பாளா? நான் விழுந்து கிடந்தா யார் வந்து தூக்குவா? பொண்ணு போடவே கூடாதுன்னு சொல்லியிருக்கா."

அது சரிதானே. அந்த வீட்டுக்கு அந்தப் பூட்டு ஒன்றுதான் காவல். அந்தப் பூட்டுக்குச் சாவி ஊருக்கே படம் போட்டுக் கிடக்கிறது, எந்தக் கட்டடம், எந்த மாடி, யார் வீடு என்ற விலாசத்தோடு. நகர முடியாத ஒரு கிழவி உள்ளே. பெண்டாட்டியின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"நீ இங்கயே உக்காரு. இவங்ககூடப் பேசிக்கிட்டிரு. நான் சொல்ற வரைக்கும் இந்த வாசலை விட்டு நகராதே."

"என்னதாங்க ஆச்சு?"

"என் மூஞ்சியை ஒளிச்சுவெச்சுட்டு அடுத்தவ வீட்டு வாசலைத் திறந்து போட்டுட்டேன். போதுமா?"

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் உள்ளே போய் நாற்காலியை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

---

ரேடியோவுக்குப் போன் போட்டார். ரேடியோ தன் மகன் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இருந்தார். பேச்சு வெட்டி வெட்டி வந்தது.

"படத்தை எடுக்கணும், எப்படி?"

"...கிளிக் பண்ணி... அழி... அப்புறம் மறக்காம..."

"மறக்காம? மறக்காம என்னடா?"

போன் செத்துப்போனது. பிறந்ததிலிருந்து ஓயாத வாய் இன்றைக்குப் பார்த்தா ஓய வேண்டும்! யாரையாவது கூட்டிவந்து செய்யச் சொல்லலாமா? பாஸ்வேர்ட் இவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த மட்டுக்கு, யாரையும் நம்பாத புத்தி அவரைத் தனியாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

ஒற்றை விரலால் பாஸ்வேர்டைக் குத்தினார். முதல் தடவை தப்பு. இரண்டாவது தடவை திறந்தது. படத்தின்மேல் மவுஸை வைத்து, குப்பைக்கூடை மாதிரி இருந்ததைத் தட்டினார். படம் போனது. அதோடு அதன் கீழ் இருந்த எழுத்துப் பெட்டி சரேலென்று மேலே ஏறி, தலைப்போடு முட்டிக்கொண்டு நின்றது. கோணல். கோணலைப் பார்த்ததும் விரல் பழக்கத்தில் அம்புக்குறிக்குப் போய்விட்டது. தட்டினார். பெட்டி ஒழுங்காக வந்தது. கூடவே சாவியும் வந்தது, மஞ்சள் மஞ்சளாய்.

"சனியனே," என்றார். யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

திரும்ப அழித்தார். இந்தத் தடவை கோணல் கிடந்தால் கிடக்கட்டும் என்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். படத்தின் கீழே இருந்த வரியையும் ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். பிறகு மாடிக்குப் போன் போட்டார்.

"உன் போன்ல பாரு. படம் போச்சா?"

"இருக்கே."

"நல்லாப் பாரு. நான் அழிச்சிட்டேன்."

"நீங்க அழிச்சா என்ன, இங்க இருக்குங்க. சாவி இருக்கு, கை இருக்கு, நர்ஸ் வீடுன்னு எழுத்தும் இருக்கு." பின்னாலிருந்து நர்ஸின் தாய் கேட்பது கேட்டது: "என்னம்மா இருக்கு?" "ஒண்ணுமில்லம்மா, நீங்க உங்க ஆபரேஷன் கதையைச் சொல்லுங்க."

பூட்டுக்காரர் திரையையே முறைத்தார். இங்கே இல்லை, அங்கே இருக்கிறது. அப்போதுதான் ரேடியோ சொன்னது உறைத்தது. இது கடைக்குள் நடக்கிற வேலை. உள்ளே மாற்றிவிட்டார், வெளியே பழைய சரக்குதான் தொங்குகிறது. மறக்காமல் அழுத்த வேண்டியது அதைத்தான்.

வெளியிடு பொத்தானை உடனே அழுத்தினார், ஆனால் திரையைவிட்டுக் கண் நகரவில்லை. படம் இருந்த இடம் வெறுமையாய் இருந்தது. சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டை மாதிரி. அழித்துவிட்டால் ஆச்சா? இதற்குள் எவன் பார்த்தானோ, எவன் எடுத்து வைத்துக்கொண்டானோ. அந்த அம்பு இவர் தாளில் கெடுத்ததைத்தான் சரிசெய்யும். அடுத்தவன் கண்ணில் பட்டதைப் பிடுங்கிவர அதில் பொத்தான் இல்லை. ஆக, இதுவும் பித்தளை மாதிரிதான். ஒரு இழுப்பு அதிகமானால் அதிகமானதுதான்.

எழுத்துப் பெட்டி ஒன்றை இழுத்து அந்த வெறும் இடத்தில் விட்டார். நேராக விழுந்தது, அதைக் கவனிக்கக்கூட இல்லை. தட்ட ஆரம்பித்தார். ஒரு எழுத்து, தேடல், ஒரு எழுத்து. தலைக்கு மேல் ஆட்கள் படியில் ஏறினார்கள், இறங்கினார்கள். தட்டி முடித்துப் பொத்தானை மறுபடி அழுத்தினார்.

"இப்ப?"

"இருக்கு."

"எப்படிடி இருக்கும்!"

"கத்தாதீங்க. இருங்க, பக்கத்தை மேலேயிருந்து கீழ இழுத்துப் பாக்கறேன். தம்பி அப்படித்தான் பண்ணுவான்." பிறகு அவள் குரல் தணிந்து வந்தது. "போயிடுச்சு. நீங்க எழுதினது வந்திருக்கு. படிச்சேன்."

"சரி, வை," என்றார். பூட்டுக்குள் வைக்கிற பித்தளைக் குச்சிகள் இருக்கும் டப்பாவையும், மொட்டைச் சாவிகளையும், அரத்தையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

---

நர்ஸ் வந்தபோது சாயங்காலமாகிவிட்டது; வீட்டுக்காரி சொல்லாமல் பூட்டில் கை வைக்க மாட்டேன் என்று அதுவரை பூட்டுக்காரர் காத்திருந்தார். லிஃப்ட்டிலிருந்து இறங்கியவள், தன் வீட்டு வாசலில் பையோடு ஒருவரும் நாற்காலியோடு ஒருத்தியும் இருப்பதைப் பார்த்து முகம் வெளுத்துப்போனாள்.

"அம்மாவுக்கு என்ன?"

"அம்மா நல்லா இருக்காங்க. தப்பு என் பக்கம்," என்றார் பூட்டுக்காரர். சுற்றி வளைக்கவில்லை, அவருக்கு வளைக்கத் தெரியாது. படம் போட்டதைச் சொன்னார், விலாசம் எழுதினதைச் சொன்னார், படத்தைப் பார்த்தே வெட்டிய சாவியை அவள் கையில் வைத்தார். அது திரும்புகிறது என்பதையும் சொன்னார்.

நர்ஸ் சாவியைப் பார்த்தாள். காலையிலிருந்து நின்றே வேலை பார்த்த பெண். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றாள்.

"அன்னைக்கு நானும் பக்கத்துல நின்னு சிரிச்சேன்," என்றாள். பிறகு குரல் உயர்ந்தது. "ஆனா எனக்குத் தெரியாதுங்க ஐயா. உங்களுக்குத் தெரியுமே! உங்களை நம்பித்தானே குடுத்தேன்?"

"ஆமா."

"எவனாவது வந்திருந்தா? அம்மா ஓடவா முடியும்?"

"முடியாது."

மறுத்துப் பேசினால் சண்டை போடலாம். ஆமா ஆமா என்று நிற்கிறவரிடம் என்ன சண்டை போடுவது? நர்ஸுக்குக் கண் கலங்கியது, கோபத்தில்.

"படத்தை எடுத்துட்டேன். ஆனா பாத்தவன் பாத்ததுதான்," என்றார். "இந்தப் பூட்டுக்குள்ள சின்னச் சின்னக் குச்சி இருக்கு. அதை மாத்திட்டா இந்தச் சாவியெல்லாம் செத்த சாவி. இன்னைக்கே மாத்தணும்."

"நீங்களா மாத்தப்போறீங்க?"

"என்மேல நம்பிக்கை இல்லேன்னா வேற ஆளைக் கூப்பிடு. நியாயம்தான். நான் ஓரமா நிக்கறேன். ஆனா இன்னைக்கே."

"வேற ஆளைத்தான் கூப்பிடப்போறேன்," என்றாள் நர்ஸ். பையிலிருந்து போனை எடுத்தாள். அன்றைக்கு மாதிரியே சுவரோரம் சாய்ந்து நின்று தேடினாள். பூட்டுக்காரர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பெண்டாட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; அவர் கையை அசைத்து அடக்கினார்.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடினால் போன் பக்கத்தில் இருக்கிற ஆளைத்தானே முதலில் காட்டும்? காட்டியது. நர்ஸ் அதைத் திறந்தாள். பூட்டு, சாவி. தலைப்போடு முட்டிக்கொண்டு ஒரு கோணல் பெட்டி. அதன் கீழே, சாவி இருந்த இடத்தில், எழுத்து:

இந்த இடத்தில் ஒரு வீட்டுச் சாவியைப் படம் பிடித்துப் போட்டேன். பெருமைக்காகப் போட்டேன். அது பெரிய தப்பு. படம் இருந்தால் போதும், என்னை மாதிரி எவனும் அந்தச் சாவியை வெட்டிவிடுவான். அந்த வீட்டுப் பூட்டை மாற்றித் தர வேண்டியது என் பொறுப்பு. நீங்களும் சாவியைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் உடனே பூட்டை மாற்றுங்கள். என்னிடம்தான் மாற்ற வேண்டும் என்று இல்லை.

நர்ஸ் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். "இது எப்ப எழுதினீங்க?"

"காலையிலேயே எழுத ஆரம்பிச்சார், மத்தியானம் முடிச்சார்," என்றாள் பெண்டாட்டி, அடக்க முடியாமல். "ஒத்த விரல்தானே."

"எனக்குச் சொல்றதுக்கு முன்னாடியே ஊருக்குச் சொல்லிட்டீங்களா?"

"உன் வீடுன்னு எழுதல. என் தப்புன்னுதான் எழுதினேன்," என்றார் பூட்டுக்காரர்.

நர்ஸ் அவரைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். எதையோ அழுத்திக் காதில் வைத்தாள். பூட்டுக்காரரின் சட்டைப் பையில் போன் அடித்தது. திடுக்கிட்டு எடுத்தார். தெரியாத நம்பர். தெரியாத நம்பர் என்றால் அவர் குரல் தானாகவே கடுமையாகிவிடும், எதிரே நிற்கிறவளைப் பார்த்துக்கொண்டேகூட.

"யாரு?"

"நாலாம் மாடியிலேர்ந்து பேசறேங்க," என்றாள் நர்ஸ், அவருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டு. குரல் இன்னும் முழுசாக ஆறவில்லை. "உங்க பக்கத்தைப் பாத்துதான் கூப்பிடறேன். பூட்டை மாத்தணும். வர முடியுமா?"

முதல் முதலாக அந்தப் பக்கத்தைப் பார்த்து வந்த அழைப்பு. போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். கடைசியில் வாயில் வந்தது பழகிய வார்த்தைதான்.

"அது உன் வீடுதான்னு யார் சொல்லுவா?"

நர்ஸ் சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீர் இருந்தபடியே. உள்ளேயிருந்து ஊன்றுகோல் ஒரு தட்டு தட்டியது.

"நான் சொல்றேன்யா," என்றாள் தாய். "என் பொண்ணு வீடுதான். சீக்கிரம் வேலையைப் பாருங்க, பசிக்குது."

பூட்டுக்காரர் கீழே உட்கார்ந்து பையைத் திறந்தார்.